மீதி பதினெட்டாயிரம்

பங்குனிக் கடைசியில் ஏறியது லோடு.
நூற்று அறுபது கட்டு, கட்டு நூற்றைம்பது.
புளியரை வளைவில் லாரி திரும்பும்போது
வைக்கோல் ஒருபக்கம் சரிந்து
மலையை உரசிக்கொண்டே போனதாக
டிரைவர் சொன்னான்.
முன்பணம் ஆறாயிரம் வந்தது.
அதோடு சரி.

வராத பணத்துக்கு முதலில் செய்ய வேண்டியது
போனைக் கவிழ்த்து வைப்பது.
பிறகு நிமிர்த்திப் பார்ப்பது.
செங்கோட்டை வங்கியில் பாஸ்புக்கை நுழைத்தேன்.
இயந்திரம் கறகறவென்று யோசித்து
ஒரே ஒரு வரி அச்சடித்தது:
குறுஞ்செய்திக் கட்டணம்
பதினேழு ரூபாய் எழுபது பைசா பிடித்தம்.
வராத செய்திக்கும்
நான்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

தங்கச்சனுக்குப் போட்டால்
"சேச்சி, நாளெ" என்கிறான்.
மலை தாண்டினால் வைக்கோல் கச்சி ஆகிவிடும்.
நாளை மட்டும் நாளைதான்,
கடைசியில் கொஞ்சம் தேய்ந்திருக்கும்.

வைகாசி முடியப்போகும் ஒரு புதன்கிழமை
புனலூர் பஸ்ஸில் ஏறினேன்.
ஆரியங்காவு வரைக்கும்
பேச வேண்டியதைப் பேசிப் பார்த்தேன்.
தென்மலைக்கு அப்புறம் மழை,
பாதி மறந்துவிட்டது.

அவன் வீட்டில் இல்லை.
தொழுவத்தில் நாலு மாடு.
செவலை ஒன்று என் கட்டைப் பிரித்து
நிதானமாய்த் தின்றுகொண்டிருந்தது.
தாடை அசைகிற கணக்குக்கு நானும் எண்ணினேன்:
வாய்க்கு ஒரு ரூபாய், வாய்க்கு ஒரு ரூபாய்.
எழுபதில் விட்டுவிட்டேன்.
அதற்கென்ன தெரியும்.

சோசாம்மா டீ கொண்டுவந்தாள்.
குடிக்கக் கூடாது என்றுதான் வந்தேன்.
குடித்தேன்.
இனிப்பு சரியாக இருந்தது,
அதில் இன்னும் கோபம் வந்தது.

சுவரில் காலண்டர்.
மலையாளம் எனக்கு வாசிக்க வராது,
எண் வரும்.
ஜூன் பத்தாம் தேதிக் கட்டத்தில் 18,000, சுற்றி வட்டம்.
தாளைத் தூக்கிப் பார்த்தேன்.
மே முப்பதில் அதே எண், அடித்திருந்தது.
மே ஐந்தில், அடித்து.
ஏப்ரல் இருபதில், மை கிழிய அடித்து.
ஏமாற்றுகிறவன் இவ்வளவு சிரத்தையாய் எழுதி வைப்பானா?
எழுதி வைத்ததை உலையில் போட முடியுமா?
இரண்டு கேள்வியையும் வைத்துக்கொண்டு
ஈரச் சேலையோடு திரும்பினேன்.
கோட்டைவாசலில் போன் சத்தம் கொடுத்தது.
ரீசார்ஜ் முடிகிறதாம்.

மறுநாள் காலை அவனே அழைத்தான்.
"சேச்சி, மழை பிடிக்கும் முன்னெ
ஒரு லோடு கச்சி வேணும்."
நான் அவசரப்படவில்லை.
அவன் இழுக்கிற மாதிரியே இழுத்து,
"நாளெ" என்றேன்.
அந்தப் பக்கம் ஒரு பசு கத்தியது.
வேறு பேச்சில்லை.

வாய் இன்னும் இனித்துக்கொண்டிருக்கும்போதே
வாசலில் உலகம்மாள்.
பங்குனியில் கட்டுத் தூக்கிய கூலி.
ஒன்றும் கேட்கவில்லை.
சாரலில் குடையை மடக்காமல் நின்றாள்.
இப்போதுதான் ஒருவனிடம் சொன்ன சொல்
நாக்கிலேயே கிடந்தது.
இவளிடம் அது எழும்பவில்லை.

கட்டு மெஷினின் டீசல் கேனை
ஓரமாய்த் தள்ளிவிட்டு
அதற்கு வைத்திருந்ததை எடுத்து எண்ணினேன்.
முந்நூறு குறைந்தது.

"இருக்கட்டும்" என்றாள் உலகம்மாள்,
நோட்டுகளை நனையாமல் மடித்துக்கொண்டு.
"எழுதி வச்சிக்கோங்க."