வலது கை மட்டும்

சென்ற முறை ஆரஞ்சுச் சாற்றில் கலந்து கொடுத்தோம்.
ஒரே வாய்.
பச்சைக் கோப்பையைக் கவிழ்த்துவிட்டு
எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான் ஆர்னி,
பொய் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதுபோல.
அன்றோடு வீட்டில் ஆரஞ்சு இல்லை.
பிறகு நான்கு பேர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள்.
நால்வரில் ஒருவன் நான்.

இம்முறை வேறு மருத்துவர், எய்லா ரந்தலா.
முந்தின வாரமே தொலைபேசியில் கேட்டார்:
அவனுக்கு எந்த இடம் பிடிக்கும்?
கார், என்றாள் மர்கெத்தா.
பின்னிருக்கை. வைப்பர் ஓடவேண்டும்,
மழை இல்லாவிட்டாலும்.

ஒவுலு மருத்துவமனையின் வாகன நிறுத்தம்.
காலை ஏழு, மைனஸ் பத்தொன்பது, இன்னும் இருட்டு.
பச்சைச் சீருடைமேல் யாருடைய மேலங்கியையோ போர்த்திக்கொண்டு
வார்டுச் செருப்போடு பனியில் நடந்து வந்தார்.
எதிலும் எதையும் கலக்கவில்லை.
குப்பியைக் கையில் கொடுத்து மோந்துபார்க்க விட்டார்.
மூக்கில் இரண்டு முறை அடிப்பேன்,
எரியும்,
பிறகு தூக்கம் வரும்.
எரியும் என்பதையும் சொன்னார்.

உலர்ந்த கண்ணாடியில் கீச்சிட்டு
வைப்பர் நாற்பத்தொரு முறை போய்வந்தது.
அவன் எண்ணினான், நானும் எண்ணினேன்.
பிறகு அவனாகவே முகத்தை நீட்டினான்.

ஸ்கேன், ரத்தம், ஆடுகிற கடைவாய்ப் பல்,
எல்லாம் ஒரே உறக்கத்துக்குள்.
இன்னொரு நாள் இன்னொரு மயக்கம் வேண்டாமே என்று.
வேறு ஏதாவது உண்டா, என்றாள் செவிலி.
நகம், என்றேன் தயங்கி.
கத்தரியைக் கண்டாலே மேஜைக்கடியில் போய்விடுவான்.
ஐந்து மாத நகம்.

வலது கையை எடுத்தேன்.
ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக
என் உள்ளங்கையில் அவன் கை
இழுத்துக்கொள்ளாமல் கிடந்தது.
இவ்வளவு கனமா இது.
சுண்டுவிரல் நகத்தடியில் நீலக் க்ரேயான்.
ஐந்தும் முடிந்தபோது
அந்தப் பச்சைக் கோப்பை ஞாபகம் வந்தது.
கத்தரியை வைத்துவிட்டேன்.
இடது கை? என்றாள்.
அவனைக் கேட்கவில்லை, என்றேன்.
புரிந்ததோ என்னவோ,
துணியை உதறி நகத்துண்டுகளைக் கூடையில் கொட்டினாள்.

விழித்ததும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.
வலது கையைப் பார்த்தான். இடது.
மறுபடி வலது.
வீடு வரும்வரை அதைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான்.
நான் வைப்பரைப் போட்டேன்.
இடது கை நகங்கள் ஜன்னலில் தட்டிக்கொண்டே வந்தன,
ஐந்தும்.