கடைசி எழுத்து

ராகலையில் என் கராஜ் தகரத்தில்
நாலு நாளாய் விடாத மழை.
நாலு நாளாய் அதே கெப்.
சூடானால் செத்துப்போகும்,
ஆறினால் ஒன்றும் நடக்காததுபோல் எழும்.

டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுக்
கழற்றினேன் கம்ப்யூட்டரை.
சோற்றுப் பார்சல் அளவு அலுமினியப் பெட்டி.
முன்கண்ணாடி ரப்பர் வழியே எத்தனை மாரி இறங்கியதோ,
பின்களில் செம்பு பச்சையாய்ப் பூத்திருந்தது.
லேபலில் எண் இருந்தது,
கடைசி எழுத்து கரைந்திருந்தது.

"எல்லாம் ஒரே பெட்டிதானே அண்ணே"
என்றான் சூசைநாதன்.
கெப் அவனுடையது, லீசிங் அவனுடையது,
கந்தப்பளையில் மூட்டை கட்டி நிற்கும்
லீக்ஸும் அவனுடையது. அவசரம் இருக்காதா?

ஒரே பெட்டிதான்.
அதே திருகாணி ஓட்டை, அதே பிளக்.
அந்த ஓர் எழுத்துக்குள்தான் இருக்கிறது
கியர் ஓட்டோவா மெனுவலா,
எந்த எஞ்சின், எந்த வருசம், எந்த நாட்டுக் குளிர்
என்பதெல்லாம்.

பஞ்சிகாவத்தை ரிஸ்மிக்கு போட்டோ அனுப்பினேன்.
"இருக்கு மச்சான்."
எதைக் கேட்டாலும் அவன் சொல்வது அதுதான்.
இரவு பஸ்ஸில் வந்தது,
சிங்களப் பத்திரிகையில் சுற்றி, லொத்தர் முடிவுப் பக்கம்.
மாட்டினேன். பிடித்தது.
சூசைநாதன் சிலுவை போட்டுக்கொண்டான்,
கை தோளுக்கு வருமுன் நின்றுவிட்டது.
டாஷ்போர்டில் திறப்பு விளக்கு சிமிட்டியது:
யார் நீ, யார் நீ, யார் நீ.
அப்போதுதான் அதன் கடைசி எழுத்தைப் பார்த்தேன்.
ஓட்டோ கியருக்கானது.
திருப்பி அனுப்பினேன். பஸ் காசு என் தலையில்.

பிறகு வாகனப் புத்தகம்.
பொலித்தீன் உறைக்குள்ளிருந்து எடுத்துத் தந்தான்.
அதிலிருந்த எஞ்சின் எண்ணை நம்பியே போயிருப்பேன்,
மண்ணெண்ணெய்த் துணியால்
பிளாக்கைத் துடைக்காமல் இருந்திருந்தால்.
இரும்பில் குத்தியிருந்த எண் வேறு.
இவனுக்கு முன் எவனோ எஞ்சினை மாற்றியிருக்கிறான்,
காகிதத்தை மாற்றவில்லை.

அவன் சிரித்தான்.
"ஐடென்டியில நான் சுசேநாதன், அண்ணே.
கிளாக்குக்குக் கேட்டது அப்பிடி.
மாத்தப் போனா பிறப்புப் பத்திரம் கேக்கிறாங்க,
அதுல வெறும் சூசை.
லோன் ரெண்டு தரம் திரும்பி வந்துச்சு."

எனக்கு அதற்குச் சொல்ல எதுவும் இல்லை.
டோர்ச்சை அவனிடம் பிடிக்கக் கொடுத்து
இரும்பிலிருந்த எண்ணை உரக்கப் படித்தேன்.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.
எட்டா மூன்றா என்று ஒன்றில் தடுமாறி
விரலால் தடவிப் பார்த்து, எட்டு என்றேன்.

ரிஸ்மிக்கு இந்தமுறை குரலில் சொன்னேன்:
இந்த எஞ்சின், மெனுவல் கியர்,
பெட்டி வந்த வண்டியின் திறப்பும் வேண்டும்,
திறப்பு இல்லாவிட்டால் அனுப்பவே வேண்டாம்.
நெடுநேரம் பேச்சில்லை.
"தேடணும்" என்றான்.
முதல்முறையாக நம்பிக்கை வந்தது எனக்கு.

வெள்ளிக்கிழமை வந்தது.
குருநாகல் பக்கம் மரத்தில் மோதிய கெப்பினுடையதாம்.
திறப்பில் ஒரு குட்டி பிளாஸ்டிக் யானை, தும்பிக்கை உடைந்து.
திறப்பைப் பிளந்து
உள்ளேயிருந்த அரிசி அளவுச் சிப்பை எடுத்து
ஸ்டியரிங் வளையத்துக்கு உள்ளே டேப் போட்டு ஒட்டினேன்.
இனிச் சூசைநாதன் தன் பழைய திறப்பைத் திருகுவான்,
பெட்டி வேறொருவனை அடையாளம் கண்டு சம்மதிக்கும்.

பிடித்தது. ஐந்து நிமிடம். பத்து.
கோணப்பிட்டிய ஏற்றம்வரை ஓட்டிப் பார்த்தோம்,
சூட்டிலும் நின்றது.

பெட்டியின் முதுகில் வெள்ளைப் பெயின்ட் பேனாவால்
முழு எண்ணையும் எழுதினேன்,
அடுத்துக் கழற்றுகிறவனுக்கு.
பாதிக் காசு தந்தான். மீதிக்கு லீக்ஸ்,
அழுகல் கழித்து இரண்டு கட்டு.
யானையை அவன் மகளுக்கு எடுத்துப் போனான்.