நான்காவது சுவர்

போஹ்தனா பிர்னோவில் எட்டாம் எண் டிராம் ஓட்டுகிறாள்.
பகலெல்லாம் தண்டவாளம் இழுத்த இழுப்புக்குப் போகிறவள்
இரவில் தன் இஷ்டத்துக்கு ஒரு சமையலறை கட்டினாள்
பிளாஸ்டிக் கட்டைகளால்,
ஒரு ரொட்டித் துண்டின் அகலத்தில்.

அந்தத் தொடரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.
மூன்றாம் மாடிச் சமையலறை.
வியாழன் இரவு எட்டு மணிக்குத் தெருக்கள் காலியாகும்.
ஏழு பேர், ஒரு மேசை, ஒழுகும் குழாய் ஒன்று.
அறுபத்திரண்டு வாரமும்
யாராவது ஒருவர் ஸ்பானரோடு வந்தார்கள்.
காதல்கள் கைகூடின, ஒருவர் செத்தும் போனார்.
குழாய் மட்டும் கடைசிவரை சொட்டியது.

அந்தச் சொட்டுக்கு, ஒளி ஊடுருவும் நீலத்தில் ஒரே ஒரு குமிழ்.
அதற்கு மூன்று வாரம்.
விண்வெளி வீரனின் தலைக்கவசம் கவிழ்ந்து கெட்டிலானது.
திரைச்சீலையின் பழுப்பு இப்போது தயாரிப்பில் இல்லை.
போர்ச்சுகலில் ஒரு பல் மருத்துவர்
பழைய டப்பாவைக் கிளறிப் பதினாறு அனுப்பினார்.
இரண்டில் பல்தடம்.
மன்னிக்கவும், என் மகனுடையது, என்றது சீட்டு.

நான் அவளோடு வாழ்கிறவன்.
வெறுங்காலில் நடக்கும் உரிமையை இழந்தவன்.

பத்தாயிரம் பேர் வேண்டும் என்றால்
கம்பெனி திரும்பிப் பார்க்கும்.
முதல் மாதம் நாற்பத்தொரு பேர்.
அதில் ஒன்று நான்.
இன்னொன்று, பூனையின் பெயரில் நான்.

அடுப்புச் சுவர் முடிந்தது, ஜன்னல் சுவர், கதவுச் சுவர்.
நான்காவதை யாரும் பார்த்ததில்லை.
கேமரா நின்ற பக்கம்.
கடிகாரம் இருந்தது என்று சத்தியம் செய்தார்
ஓஸ்ட்ராவா ரசிகர் ஒருவர்:
ஏழு பேரும் அங்கே பார்த்துத்தானே நேரம் சொல்வார்கள்!
கடிகாரமா, காலண்டரா என்று
முன்பின் தெரியாதவர்கள் பகையானார்கள்.
இவள் டிராமைத் திருப்பும் வளையத்தில் நின்று
அந்த வெற்றிடத்தையே யோசித்திருக்கிறாள்.

அப்போதுதான் அந்தக் கடிதம்,
நடுங்கும் பென்சிலில், வாவ்ரினெட்ஸ் ஹுதெச்செக்:
"அங்கே சுவரே கிடையாது அம்மா.
ஓர் ஏணி. ஏணி மேல் நான். என் மடியில் வாளி.
ரப்பர் குழாய் வழியாகச் சொட்டுவிட்டது நான்தான்.
விளக்குச் சூட்டில் தூங்கிப்போவேன்.
சொட்டு நின்றால்
கீழிருந்து ஏணியை உதைப்பார்கள்."

அன்றிரவு அவள் படுக்கவில்லை.
ஏணி, சிவப்பு வாளி,
முகம் அச்சிடாத ஒரு மஞ்சள் தலை.
தூங்குகிறவனுக்கு முகம் எதற்கு?

பிறகு எண்ணிக்கை ஏறியது. ஏன் என்று தெரியாது.
பத்தாயிரமாவது ஆள் வந்த நிமிடம்
அவள் மழையில் கடைசி நிறுத்தத்தில் இருந்தாள்;
ஆளில்லாத தண்டவாளத்தைப் பார்த்து
மணியை அடித்தாளாம், நான்கு முறை.

கம்பெனி சம்மதித்தது, சில திருத்தங்களுடன்.
விரல்கள் உள்ளே போக ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும்.
ஏணியும் ஆளும் நீக்கப்படுகின்றன:
தொடரில் இல்லாத பாத்திரம்.
சீறுவாள் என்று காத்திருந்தேன்.
கையெழுத்துப் போட்டுவிட்டு
வெங்காயம் நறுக்கப் போனாள்.

இலவசமாக ஐந்து பெட்டி வந்தும்
கடை வரிசையில் நின்று ஒன்றை வாங்கினாள்.
பதினான்கு பைகள். குறிப்புப் புத்தகம்.
தான் கட்டியதையே அந்நியள் போலப் படித்துப் படித்துக் கட்டி,
எண்பத்தெட்டாம் பக்கத்தில்
அடுப்பைத் தலைகீழாக மாட்டிவிட்டாள்.
வயிறு வலிக்கச் சிரித்தோம்.

நீக்கப்பட்ட ஆளை, ஏணியோடும் வாளியோடும்
பஞ்சில் சுற்றி ஹுதெச்செக்குக்கு அனுப்பினாள்.

ஒரு மாதம் கழித்துப் பதில்.
நன்றி இல்லை, கண்ணீர் இல்லை.
"வாளி சாம்பல் நிறம்" என்று ஒரே வரி.

இப்போது தரை முழுக்கக் கட்டைகளைக் கொட்டி
சாம்பல் வாளி தேடிக்கொண்டிருக்கிறாள்.
காலைப் பார்த்து வைக்கிறேன்.