அடக்க விலை

மோட்டார், நாற்பத்தோரு டாலர்.
எண் பொறித்த பித்தளைத் தகடு, இரண்டேகால்.
என் வேலை இதுதான்:
ஒரு விளையாட்டை அவிழ்த்துப் போட்டு
திருகு திருகாக எண்ணுவது.

சிகாகோவுக்கு வடமேற்கே
விமானங்கள் கூரையை உரசுவதுபோல் இறங்கும் பேட்டையில்
பின்பால் இயந்திரம் செய்கிறோம்.
இந்த வருடம் புயற்கடல்.
கண்ணாடிக்கு அடியில் ஒரு கலங்கரை விளக்கம்,
சாண் உயரம்கூட இல்லை.
பந்து பட்டால் சுழலும்.

வெண்டல் ஹுல்ஸ்ட் அதை வரையப் பதினான்கு மாதம்.
மேசையின் சாய்வு ஆறரை பாகை;
ஆறே முக்கால் இருக்கட்டுமே என்று யாராவது சொன்னால்
கடித்த சாண்ட்விச்சை அப்படியே வைத்துவிட்டு
எழுந்து போய்விடுவார்.

திங்கட்கிழமை விலைக் கூட்டம்.
விற்பனைப் பிரிவு ப்ரெண்ட் ஓல்ஷெவ்ஸ்கி
வெள்ளைப் பலகையில் மூன்று கோடு இழுத்தார்:
ஏழாயிரம். பத்தாயிரம். பதின்மூவாயிரம்.
"கடைசிக் கோட்டை யாரும் வாங்க வேண்டாம்,
நடுக்கோடு மலிவாகத் தெரிந்தால் போதும்" என்றார்.
பேனாவை மூடியபடி,
"ஆனால் வாங்குவார்கள்."

வாங்கினார்கள்.
எண்ணிட்ட ஐந்நூறும் பதினோரு நிமிடத்தில் தீர்ந்தன.
ஏழாம் எண்ணுக்கு அடிதடி.
பதின்மூன்றுக்கு மட்டும்
டுலூத்திலிருந்து ஒரு பல் மருத்துவர் தள்ளுபடி கேட்டார்.
நடுக்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும்
உள்ளே ஒரு திருகுகூட வித்தியாசமில்லை.
இரண்டேகால் டாலர் பித்தளை
மூவாயிரம் டாலரைத் தூக்கிக்கொண்டு நின்றது,
கை நடுங்காமல்.

கீழ்க்கோட்டில்தான் கத்தி வைக்க வேண்டும்.
மோட்டார் வரியை அடித்தது நான்.
"சுழலாதா?" வெண்டல் கேட்டார்.
"சுழலாது. தட்டைப் பிளாஸ்டிக்கில் படம்."
"விளக்கு?"
"ஒன்று. மஞ்சள்."
வியாழக்கிழமை வரைபடத்தோடு திரும்பி வந்தார்.
ஒரு ரப்பர் கம்பம் மூன்று மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது.
செலவு? ஒன்றுமில்லை.
அதே துளை, வேறு இடம்.
கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபரில் வீட்டுச் சலவை இயந்திரம் உயிரை விட
பெர்வின் தெருமுனைச் சலவைக் கடையில்
துணி உலரக் காத்திருந்தேன்.
சோப்பு விற்கும் பெட்டியின் பக்கத்தில்
எங்கள் ஏழாயிரம்.
பேருந்து ஓட்டுநர் சீருடையில் ஒரு பெண்
மிச்சமிருந்த காலணாக்களை அதற்குள் தள்ளினாள்.
மூன்றாம் பந்து. வலது மட்டை. சற்றுத் தாமதமான அடி.
பந்து தட்டைக் கலங்கரைக்குப் பின்னால் போய்
காணாமல் போனது.
காணாமல் போனதேதான்.
அவள் குனிந்து பார்த்தாள். நானும் எழுந்துவிட்டேன்.
எதிர்ப்புறம் பீறிட்டு வந்து
நேராக அவள் இடது மட்டையில் உட்கார்ந்தது.
முழுக் கடைக்கும் கேட்கச் சிரித்தாள்.
"இன்னொரு தடவை போ, சனியனே."

பதின்மூவாயிரத்தில் அந்த வழி கிடையாது.
அங்கே மோட்டார் குந்தியிருக்கிறது.

மறுநாள் வெண்டலிடம் கேட்டேன்.
ஆரஞ்சுத் தோலை அறுபடாமல் உரித்துக்கொண்டே
"எந்த வழி?" என்றார்.

என் அட்டவணையில் கொசுறுக்கு வரிசை இல்லை.
சேர்த்தால் ப்ரெண்ட் அதற்குப் பெயர் வைப்பார்,
அடுத்த வருடம் அது மேல்கோட்டுக்கு ஏறிவிடும்,
தகடு மாட்டிக்கொண்டு.
காலியாகவே விட்டேன்.
இருபது வருடத்தில் நான் செய்த ஒரே கணக்குப் பிழை.

அன்றே டேட்டனிலிருந்து ஒரு கடிதம்,
இருநூற்றுப் பன்னிரண்டாம் எண்காரர்:
இயந்திரம் நலம், இன்னும் பிரிக்கவில்லை,
பிரிக்கும் எண்ணமும் இல்லை.
ஆனால் பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருக்கிறது,
புதுப் பெட்டி மட்டும் தனியாகக் கிடைக்குமா?

கிடைக்கும், என்று எழுதினேன்.
அட்டைப் பெட்டி, பதினெட்டு டாலர்.