மிச்சம் இரண்டு

சார், நான் யாரென்று உங்களுக்குத் தெரியாது.
கல்லூரி வாசலுக்கு எதிர்க்கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், பஸ் பாஸ் போட்டோ.
உங்கள் அணிப் பட்டியல்
நோட்டீஸ் பலகையில் ஏறும் முன்
என் கண்ணாடியில்தான் குப்புறப் படுக்கும்.

நாலு வருஷமாய் உங்கள் கையெழுத்தைப்
படிக்கிறேன், தலைகீழாகவும்.
'வ'வுக்குச் சுழி போட மாட்டீர்கள்.
வயிரவன் உங்கள் தாளில்
பயிரவன்.

அந்த வயிரவன்,
பள்ளத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவன்,
இடதுகாலில் பந்து பட்டால்
ஓரக்கோட்டை விட்டு இம்மி நகராமல் ஓடுவான்,
நிற்கும்போது ஷூவெல்லாம் சுண்ணாம்பு.
அவனை வலதுபுறத் தடுப்பில் போட்டீர்கள்
ஒரு வருஷம் முழுக்க.
முகப்பில் உட்காரவேண்டிய ஆளை
அடுப்படிக் கட்டுக்கு அனுப்பியதுபோல.

ஊரில் யாரும் உங்களைக் கேட்கவில்லை.
கிரிக்கெட்டாக இருந்தால் கேட்டிருப்பார்கள்.

தேவகோட்டைக்காரர்களோடு இறுதி ஆட்டம்.
ஹால் டிக்கெட் எடுக்கும் வாரம்,
கடையை மூடினால் எண்ணூறு ரூபாய் போகும்.
மூடினேன்.
அன்றைக்கு ரபீக்கின் கணுக்கால் பிசகியதால்
(உங்கள் யோசனையால் அல்ல)
வயிரவனுக்கு இடது ஓரம் கிடைத்தது.
செம்மண் கிளம்பி அவன் பின்னாலேயே ஓடியது.
இடைவேளைக்குள் இரண்டு கோல்,
இரண்டும் அந்த ஓரத்திலிருந்து.
பக்கத்தில் நின்ற தேவகோட்டை ஆளுக்கு
நானே பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தேன்.
ஜெயிக்கிறவனின் தாராளம்.

அறுபதாவது நிமிஷம் பலகையைத் தூக்கினீர்கள்.
பதினொன்று வெளியே.
வயிரவன் நம்பவில்லை. முதுகைத் திருப்பித்
தன் சட்டை எண்ணைத் தானே பார்க்க முயன்றான்.
உள்ளே வந்த பையனின் காலுறையில்
கடைச் சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது.
அப்புறம் கைகளை விரித்து
எல்லாரையும் பின்னால் வரச் சொன்னீர்கள்.
பின்னால், இன்னும் பின்னால்.
பத்துப் பேர் நம் கோல் வாசலில்
ரேஷன் கடை வரிசைபோல் நின்றார்கள்.
நடுவில் ஜமீல்,
கோல் கீப்பர், யாருடைய தோளுக்கு மேலாகவும்
பந்தைப் பார்க்க முடியாமல்.

ஒன்று.
இரண்டு.
மூன்றாவதை நான் பார்க்கவில்லை.
சோடா குடித்தவர் பார்த்துச் சொன்னார்,
ரொம்ப மரியாதையாக.

திங்கட்கிழமை கடைக்கு வந்தீர்கள்,
பயணப்படி பில்லோடு.
வேன் வாடகை, முட்டை, எலுமிச்சம்பழம், ஐஸ்.
"ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?" என்றேன்.
"ஒரு பக்கம் போதும்."
தெரியும் சார்.

பில்லுக்குப் பின்னால் குண்டூசியில் ஒரு துண்டுச் சீட்டு.
தாளாளர் அலுவலகப் பச்சை மை:
'கடைசி அரைமணி தம்பியை இறக்கவும்.'
மூடியைத் தூக்கியபடி
மெஷின் வெளிச்சத்தில் நின்றேன்.
நீங்கள் வெளியே, போகிற லாரியைப் பார்த்தபடி
சட்டைக் காலருக்குள் ஊதிக்கொண்டிருந்தீர்கள்.

இதோடு என் கோபம் ஆறியிருக்க வேண்டும்.
நல்ல மனுஷனுக்கு ஆறியிருக்கும்.
நான் அந்தச் சீட்டை மூன்றுமுறை படித்தேன் சார்.
தம்பியை இறக்கச் சொல்லியிருந்தது.
வயிரவனை எடுக்கச் சொல்லவில்லை.
எல்லாரையும் பின்னால் இழுக்கச் சொல்லவில்லை.
அதெல்லாம் உங்கள் சொந்தக் கைவேலை.

பன்னிரண்டு நகல், பதினெட்டு ரூபாய்.
இருபதை நீட்டி,
"மிச்சம் ரெண்டை நீங்களே வச்சுக்கங்க" என்றீர்கள்.

யார், யாரிடம் சொல்வது!
கல்லாவைத் துழாவி
இரண்டு ஒரு ரூபாய் நாணயம் எடுத்து
உங்கள் உள்ளங்கையில்
ஒவ்வொன்றாக வைத்தேன்.