இரண்டு பள்ளமுள்ள எழுத்து

தார்த்துவில் நவம்பர். மூன்றரை மணிக்கே இருட்டு.
ஒரு சொல்லுக்காக மூன்றாம் நாளாகச்
சண்டை போடுகிறோம், நானும் தாவெட்டும்.

'திற' என்றால் போதாதா என்கிறான்.
எதற்குத் திறக்க என்கிறேன்.
அதைச் சொல்லத்தான் பின்னால் ஓர் எழுத்து இருக்கிறதே,
உலகமே பழகிய எழுத்து.

உற்றுப் பார்த்திருக்கிறீர்களா அதை?
பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பள்ளம்.
எழுத வந்தேன் என்று சொல்லும்.
வரும்போதே வீட்டைக் காலிசெய்துவிட்டேன் என்று
சொல்லாது.

வைக்கே லெப்பிக் அதில்தான் விழுந்தாள்.
கடலோரம் வலை கட்டி
பறவைக் கால்களுக்கு வளையம் மாட்டுகிறவள்.
பத்தொன்பது இலையுதிர்காலங்கள்,
எடை, இறக்கை நீளம், பிடிபட்ட நேரம்,
எல்லாம் ஒரே கோப்பில்.
இருபதாம் ஆண்டின் முதல் பறவையைச் சேர்க்க
ஒரு வரி எழுதி ஓட்டினாள்.
பிழைச்செய்தி ஒன்றும் வரவில்லை.
கோப்பில் ஒரே ஒரு பொன்முடிச் சிட்டு இருந்தது.
ஐந்தரை கிராம்.

எங்களுக்கு எழுதிய கடிதத்தில் கோபம் இல்லை, கேள்விதான்:
அழிக்கட்டுமா என்று ஒரு வார்த்தை
கேட்டிருக்கக் கூடாதா?

அன்று வரைவிலிருந்து 'திற'வை எடுத்தேன்.
'படி' என்று வந்த கைக்கு இனிப் பேனா கிடையாது.
'சேர்' வால்பக்கமாக மட்டும் நுழையும்.
அழித்துத்தான் ஆகவேண்டும் என்றால்
'பழையதை அழித்து எழுது' என்று முழுதாகத் தட்டவேண்டும்.
விரல் வலிக்கட்டும்.
அப்போதும் பழையதைத் தொடாமல்
பக்கத்தில் எழுதி முடித்து, பிறகுதான் பெயரை மாற்றும்.

மூடுவதை யாருடைய ஞாபகத்துக்கும் விடவில்லை.
வரிகள் உள்தள்ளி நிற்கும்வரை கோப்பு திறந்திருக்கும்.
இடது ஓரத்துக்கு வந்தால் கதவு தானே சாத்திக்கொள்ளும்,
நடுவில் தடுக்கி விழுந்தாலும்.

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறாய் என்றான் தாவெட்.
தொடுவது மூக்கைத்தானே,
கண்ணை இல்லையே என்றேன்.

வரைவை வைக்கேவுக்கு அனுப்பினோம்.
ஈரம் பட்டு ஊறிய காகிதச் சீட்டுகளிலிருந்து
ஒவ்வொரு பறவையாகத் திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கிறாள்.
மூன்றாம் ஆண்டு முடிந்தது என்று எழுதினாள்.
ஒரே குறை: உங்கள் 'சேர்' ரொம்ப அமைதி.
வேலை நடந்ததா என்று தெரியாமல்
ஒவ்வொரு முறையும் கோப்பை எட்டிப் பார்க்கிறேன்.

அது எனக்குத் தோன்றவே இல்லை.
நான் பூட்டைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தேன்.

இப்போது திரையில் வருகிறது:
முன்பு 6,212 வரி. இப்போது 6,213.

தாவெட் அதை இரண்டு தடவை வாசித்தான்.
'திற'வை அதன்பின் கேட்கவில்லை.
எண்ணுக்கு நடுவே கமா எதற்கு என்று
இன்று காலை ஆரம்பித்திருக்கிறான்.