ஆயிரத்துச் சொச்சம்

லியோன் தபால் நிலையத்தின் பின்கட்டில்
குதிரை லாயத்தை ஒட்டிய அறை என்னுடையது.
விலாசம் எழுத மறந்த கடிதங்கள்
இங்கேதான் வந்து சேரும்.
மடித்து, அரக்கு உருக்கி, முத்திரை குத்தி,
எல்லாம் செய்துவிட்டு
யாருக்கென்று மட்டும் எழுதாமல்
பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறார்கள் ஜனங்கள்.

ஆண்டு முடிவில் எண்ண வேண்டும்,
பேரேட்டில் பதிய வேண்டும்,
கொல்லையில் எரிக்க வேண்டும்.
எரிப்பதை நான் நன்றாகச் செய்வேன்.
அரக்கு கருகும் வாசனை
என் மேலங்கியை விட்டுப் போனதே இல்லை.
பாதிரியாரின் சமையற்காரி
கோவிலில் என் பெஞ்சில் உட்கார மாட்டாள்.

ஆயிரத்து எண்ணூற்று இருபத்தேழு, நவம்பர்.
அறிவியல் கழகத்திலிருந்து வந்தார் முஸ்யே பெலிசோன்.
ஈரக் குடையைக் கடிதக் கட்டின்மேல் சாய்த்தார்.
உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை
(எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்).
'எத்தனை?' என்றார்.
'சென்ற ஆண்டு? அதற்கு முன்?'

பேரேட்டைத் திறந்து வாசித்தேன்.
ஆயிரத்து நாற்பத்தொன்று.
ஆயிரத்து முப்பத்தெட்டு.
அரசர் இறந்த ஆண்டு ஆயிரத்து நாற்பத்துநான்கு.
ஆறு ஊருக்குள் வந்த ஆண்டும் அதே சொச்சம்.
எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.
பெண் கேட்டுப் போன வீட்டில்
சம்மதம் கிடைத்தவன் முகம்.

'கோள்களுக்கு மட்டுமல்ல, ட்ரூஷோ,
மறதிக்கும் பாதை இருக்கிறது.
கிரகணத்தைக் கணிப்பதுபோல் இந்த ஊரைக் கணிக்கலாம்.
மனிதர்களுக்கென்று ஓர் இயல் பிறக்கப் போகிறது.
இன்னும் பெயர்கூட வைக்கவில்லை.'
பிள்ளை அதற்குள் கிடப்பதுபோல்
என் மேசையை இருமுறை தட்டினார்.
போகும்போது குடையை மறந்துவிட்டார்.

அன்றிரவு தூக்கம் இல்லை.
அடுத்த ஆண்டின் ஆயிரத்துச் சொச்சம் பேர்
இந்நேரம் எங்கெங்கோ சூப்பு குடித்துக்கொண்டிருப்பார்கள்.
தாங்கள்தான் அது என்று தெரியாது.
சீட்டைக் குலுக்கிப் போடுவது யார்?
கடவுள் என்றால்
அவருக்கு வேறு வேலை இல்லையா?

கணக்கைக் கெடுப்பது என்று முடிவு செய்தேன்.
ஜனவரியில் விதியை மீறி அரக்கை உடைத்தேன்.
'மாமா, ஆடு இரண்டு குட்டி போட்டது' என்றது ஒன்று.
'சாட்சி சொல்ல வராதே' என்றது இன்னொன்று.
கையெழுத்தையும் ஊர்ப்பேரையும் வைத்துத் துப்புப் பிடித்து
ஞாயிறுதோறும் நடந்தேன்.
பட்டுத்தறி ஓயாத மேட்டுத் தெரு மாடிகளில் ஏறி
பதினேழு கடிதங்களை உரியவர் கையில் கொடுத்தேன்.
ஒருத்தி அழுதாள். ஒருவன் கதவைச் சாத்தினான்.
ஆட்டுக்கார மாமா
ஒரு பாலாடைக்கட்டி கொடுத்தார்; கொஞ்சம் புளிப்பு.

டிசம்பர் முப்பத்தொன்று. எண்ணினேன்.
பதினேழு போன பின்னும்
ஆயிரத்து நாற்பது.
மெழுகுவத்தியை மாற்றிக்கொண்டு மறுபடி எண்ணினேன்.
ஆயிரத்து நாற்பதேதான்.

மூன்றாம் முறை எண்ணும்போதுதான் பார்த்தேன்,
மார்ச்சில் நான் காய்ச்சலில் கிடந்த வாரம்
பையன் கட்டிவைத்த கட்டில்
என் அரக்கு, என் முத்திரை.
வாலான்ஸில் இருக்கும் தங்கைக்கு எழுதியது.
ஒன்பது மாதமாகப் பதில் இல்லை என்று
அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.
முன்பக்கம் வெள்ளையாக இருந்தது,
துடைத்த தட்டு மாதிரி.

எடுத்துவிட்டால் ஆயிரத்து முப்பத்தொன்பது.
அதுவும் முஸ்யே பெலிசோனுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும்.
எடுத்தேன்.
ஒர்தான்ஸ் ட்ரூஷோ, ரொட்டிக் கடைக்கு மேல், வாலான்ஸ்.
மை காயும்வரை ஊதினேன்.
மூலையில் குடை இன்னும் கிடந்தது.
வெளியே பனித்தூறல்.
எடுத்துக்கொண்டு நடந்தேன்.